வாரம் பெர்சி: ஊரைக் காலி பண்ணியது கொள்ளைநோயா, ஆடா?

#1 தரிசுக்காடு

வேலை விஷயமாக யார்க்‌ஷர் வந்தவன், மால்ட்டனிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரம் பெர்சி போய்ப் பார்த்தேன். இங்கிலாந்தில் இடைக்காலத்தோடு கைவிடப்பட்ட ஊர்கள் 3,000 வரை தெரியும் என்கிறார்கள். அதில் பெரிய பெயர் இதற்குத்தான். வண்டியை மேலே விட்டுவிட்டு ஒரு கிலோமீட்டர் போல சரிவில் இறங்க வேண்டும். கட்டணம் கிடையாது. கீழே கூரையில்லாத ஒரு தேவாலயம், அதன் காலடியில் ஒரு குளம், மேற்கே மேட்டில் வெறும் புல்.

அந்தப் புல்தான் ஊர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் வரப்பு மாதிரி மேடுகள் கட்டம் கட்டமாக எழுந்து வருகின்றன. ஒவ்வொரு கட்டமும் ஒரு வீட்டு மனை. முன்னால் வீடு, பின்னால் நீளமாகத் தோட்டம். நடுவே பள்ளமாக ஓடுவது தெரு.

கூட வந்த அலுவலக நண்பர் (யார்க்‌ஷர்காரர்) "இது பிளேக்கில் செத்த ஊர்" என்றார். வந்து படித்தால், ஆடு மேய்க்க இடம் வேண்டி நிலக்கிழார் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றினார் என்று இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 150 வருஷம் இடைவெளி. எது சரி? ஆவணத்தை விடுங்கள், மண்ணில் என்ன சாட்சி இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்வெட்டுக்காரன்

1348-49 பிளேக்கில் இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செத்தது. பாதி என்பாரும் உண்டு. இவ்வளவு பெரிய சாவு கண்முன்னே கிடக்கும்போது ஆட்டைத் தேடிப் போவானேன்? நண்பர் சொன்னதே சரி.

#3 யார்க் மாணவி

கல்வெட்டு ஐயா, வருஷங்களை வரிசையா வச்சுப் பாத்தா அது நிக்காது.

1315-17ல கடும் பஞ்சம். மழை நிக்காம பெஞ்சு விளைச்சல் அழுகிப்போச்சு. அடுத்து 1319 வாக்குல மாட்டுக்கு நோய் வந்து உழவு மாடு கொத்துக் கொத்தா செத்துச்சு. வட யார்க்‌ஷருக்கு இதுக்கு மேல ஸ்காட்லாந்துக்காரங்க கொள்ளை வேற. 1323ல இந்த ஊரைப் பத்தி எடுத்த விசாரணைக் குறிப்பிலேயே நிலத்துல நிறைய தரிசு, மாவு ஆலை ரெண்டும் பாழ்னு வருது. கொள்ளைநோய் வர்றதுக்கு 25 வருஷம் முன்னாடியே ஊர் அடி வாங்கிடுச்சு.

1349ல நோய் வந்துச்சு. ஊரோட நிலக்கிழாரே அந்த வருஷம் இறந்தார். ஆனா 1368ல சுமார் 30 வீட்டுல ஆள் இருக்காங்க! நோய்க்கு அப்புறம் கிட்டத்தட்ட இருபது வருஷம் கழிச்சு 30 வீடு இருக்கிற ஊரை "பிளேக்கில் செத்த ஊர்"னு எப்படிச் சொல்றது? 1458ல 16 வீடு. 1517ல அரசரோட முதன்மை அமைச்சர் கார்டினல் வுல்சி காலத்துல அரசு ஒரு விசாரணை நடத்துச்சு, விளைநிலத்தை அடைச்சு மேய்ச்சலாக்கினது யார் யார்னு. அதுலதான் இந்த ஊர் நிலக்கிழார் ஹில்ட்டன் பிரபு 1488க்கு அப்புறம் இங்க நாலு ஏர் உழவை நிறுத்தினார், நாலு வீட்டைப் பாழாக விட்டார்னு பதிவாகியிருக்கு. மிச்சம் இருந்தது அந்த நாலு வீடுதான்.

மண் சாட்சி கேட்டீங்க இல்ல, தரிசுக்காடு அண்ணா? நீங்க பாத்த தேவாலயத்துச் சுவரை ஞாபகப்படுத்திப் பாருங்க. பக்கச்சுவர்ல வளைவு வளைவா தெரியும், ஆனா வளைவுக்குள்ள கல் வச்சு அடைச்சிருக்கும். கவனிச்சீங்களா?

#4 தரிசுக்காடு

கவனித்தேன். ஜன்னலை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

#5 யார்க் மாணவி

ஜன்னல் இல்ல. முதல்ல இங்க இருந்தது ஒரு சின்ன மரக்கோயில், 10ஆம் நூற்றாண்டு. அடுத்து கல்லுல சின்னதா. 12ஆம் நூற்றாண்டுல அதைப் பெருசாக் கட்டினாங்க. கூட்டம் ஏற ஏற தெற்குப் பக்கம் ஒரு இடைகழி, பிறகு வடக்குப் பக்கம் ஒண்ணு. சுவரை உடைச்சு வளைவு வச்சு, அதுக்கு வெளிய கூடுதல் கூரை போட்டு நீட்டிக்கிட்டே போனாங்க. 14ஆம் நூற்றாண்டு தாண்டினதும் எல்லாம் தலைகீழ். இடைகழிகளை ஒவ்வொண்ணா இடிச்சுட்டு, வளைவுகளைக் கல்லால அடைச்சுட்டாங்க. ஆள் குறையக் குறையக் கட்டடமும் சுருங்குது. மக்கள்தொகைக் கணக்கு எடுக்காத காலத்துக்கு அந்தச் சுவர்தான் கணக்கேடு.

#6 கல்வெட்டுக்காரன்

தேவாலயம் ஒரு ஊருக்கு மட்டுமா? சுற்றுப்பட்டு ஊர்களுக்கும் அதுதானே பங்குக்கோயில்? அது சுருங்கியதை வைத்து ஒரு ஊரின் கதையைச் சொல்ல முடியாது. வீடுகள் என்ன சொல்கின்றன?

#7 யார்க் மாணவி

நல்ல கேள்வி ஐயா. வாரம் பெர்சியோட சேத்து அஞ்சு குடியிருப்புகளுக்கு அதுதான் கோயில். ரெய்ஸ்தோர்ப், பர்டேல், டவ்தோர்ப், திக்சன்டேல் மத்த நாலும். அதுல திக்சன்டேல் மட்டும் இன்னைக்கும் நல்லா வாழுது. ஊரே இல்லாத இடத்துல கோயில் மட்டும் 1949 வரைக்கும் வழிபாட்டோட இருந்ததுக்குக் காரணமும் அதான், வெளியூர்க்காரங்க நடந்து வந்தாங்க. 1870ல திக்சன்டேலுக்குன்னு தனிக் கோயில் கட்டின பிறகுதான் இதுக்குப் போக்கு குறைஞ்சது. 1959ல கோபுரத்துல பாதி சரிஞ்சு விழுந்துடுச்சு.

இப்ப வீட்டுக்கு வருவோம். இது கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

லீட்ஸ் பல்கலைக்கழகத்துப் பொருளாதார வரலாற்று ஆசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் 1950ல இங்க தோண்ட ஆரம்பிச்சார். அவருக்குத் தோண்டத் தெரியாது, ஆவணம் படிக்கத்தான் தெரியும். 1952ல தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் வந்து சேந்தார். அன்னையில இருந்து 1990 வரைக்கும் ரெண்டு பேரும் வருஷா வருஷம் கோடையில ஆள் சேத்துத் தோண்டினாங்க. நாப்பது வருஷத்துல தோண்டினது ஊருல ஒரு சின்னப் பங்குதான்.

அந்தக் காலத்துல வழக்கம் என்னன்னா சுவர் ஓரமா வாய்க்கால் வெட்டிக்கிட்டே போறது. கோட்டை, மடம் மாதிரி நல்ல கல்சுவருக்கு அது சரி. குடியானவன் வீட்டுக்கு வச்சா சாட்சியையே வெட்டி எறிஞ்சுடும். டென்மார்க்ல ஆக்சல் ஸ்டீன்ஸ்பெர்க் வேற மாதிரி செஞ்சுட்டு இருந்தார். முழு வீட்டுப் பரப்பையும் மொத்தமாத் திறந்து, மெல்லிசா அடுக்கடுக்கா எடுத்து, ஒவ்வொரு கல்லும் பானை ஓடும் கிடந்த இடத்தைப் படத்துல குறிக்கணும். அதை ஹர்ஸ்ட் இங்க கொண்டு வந்தார். இங்கிலாந்துல திறந்தவெளி அகழாய்வு வேர்பிடிச்சதுல இந்த மேட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

திறந்து பாத்தா, ஒரே மனையில சுவர் மேல சுவர், வெவ்வேற கோணத்துல. சுண்ணப்பாறைக் கல்லை அடுக்கின தாழ்வான சுவர்கள், நேராக் கூட நிக்காது. ஹர்ஸ்ட் என்ன முடிவுக்கு வந்தார்? குடிசை மாதிரி சொத்தை வீடு, ஒரு தலைமுறை தாங்கும், அப்பன் கட்டினதை மகன் இடிச்சுட்டுப் புதுசாக் கட்டுவான். இடைக்கால இங்கிலாந்துக் குடியானவன்னா பரம ஏழைங்கிற படம் இதுல இருந்து ரொம்ப நாள் ஓடுச்சு.

அப்புறம் 1980கள் கடைசியில தொல்லியலாளர் ஸ்டூவர்ட் ராத்மெல் அதே வரைபடங்களை எடுத்து வச்சுத் திருப்பிப் படிச்சார். புதுசா ஒண்ணும் தோண்டல. வீட்டு நீளத்துல குறிப்பிட்ட இடைவெளி விட்டு எதிரெதிரா ஜோடி ஜோடியாத் தட்டைக்கல் கிடக்குது. அது மேலதான் வீடே நின்னிருக்கு. ஓக் மரத்துல வளைஞ்ச தண்டை நெடுக்காப் பிளந்து, ரெண்டு பாதியையும் எதிரெதிரா நிறுத்தி உச்சியில சேத்துக் கட்டுற க்ரக் சட்டம். கூரை பாரம் முழுக்க அந்தச் சட்டத்துல. சுவர் சும்மா காத்து மறைக்கத்தான். அப்போ சுவரை எத்தனை தடவை பிரிச்சுக் கட்டினாலும் கூரை அசையாது, வீடு அதே வீடு. பல தலைமுறை நின்ன வீடுகள். ஹர்ஸ்ட் எண்ணினது வீட்டை இல்ல, மராமத்தை.

இதனால என்ன ஆச்சு? தச்சனுக்குக் கூலி குடுத்து ஓக் சட்டம் வாங்குற அளவுக்கு வசதி இருந்த குடும்பங்கள் இவை. நல்ல வீட்டை, நல்ல கூரையை விட்டுட்டுப் போயிருக்காங்க. அந்த மரங்களும் வீணாகியிருக்காது, கழட்டி எடுத்துட்டுப் போற சாமான் அது.

#8 மண்வெட்டி

மாணவி தங்கச்சி சொல்றது அருமை. தரை பத்தியும் சொல்லும்மா. உள்ள ஏன் ஒண்ணுமே கிடைக்க மாட்டேங்குது?

#9 யார்க் மாணவி

பெருக்கிப் பெருக்கித் தேஞ்சுபோச்சு அண்ணே! மண் தரையை வருஷக்கணக்காத் துடைப்பத்தால தேச்சதுல நடுவுல குழிஞ்சு தொட்டி மாதிரி ஆகியிருக்கு. அதனால வீட்டுக்குள்ள பொருள் குறைச்சல். குப்பை, சாணி, உடைஞ்ச பானை எல்லாம் கொல்லையில குவியும், அங்கிருந்து வண்டியில வயலுக்கு உரமாப் போகும். சில வீடுகள்ல ஒரு பக்கம் குடும்பம், நடுவுல குறுக்கு நடை, மறுபக்கம் மாடு.

#10 லெஸ்டர் சிவம்

வணக்கம். நான் இஞ்ச லெஸ்டர் பக்கம் கனகாலமா இருக்கிறன். வீட்டைப் பற்றியே கதைக்கிறியள், வயலை மறந்துபோனியள்.

இந்த மிட்லண்ட்ஸ் (நடு இங்கிலாந்து) பக்கம் ரயிலிலை போகேக்கை யன்னலாலை பாருங்கோ. மேய்ச்சல் நிலம் முழுக்க அலை அலையா மேடும் பள்ளமும் ஓடும். அது இயற்கை இல்லை. இடைக்கால உழவு. ஏர் மண்ணை எப்பவும் வலப்பக்கம்தான் புரட்டும். துண்டு நிலத்தைச் சுத்திச் சுத்தி உழுதால் மண் நடுவுக்கு ஏறும், ஓரம் பள்ளமாகும், அந்தப் பள்ளத்தாலை மழைத்தண்ணி வடியும். களிமண் நிலத்துக்கு அது தேவை. ஒரு துண்டு ஏழெட்டு மீட்டர் அகலம், 200 மீட்டர் போலை நீளம்.

வடிவாப் பாத்தால் அந்த அலை நேரா ஓடாது. திருப்பிப் போட்ட ஆங்கில எஸ் மாதிரி ரெண்டு முனையும் வளைஞ்சிருக்கும். எட்டு மாட்டுப் பெரிய ஏர் முனைக்கு வந்தாப் பிறகு திருப்ப ஏலாது, இடம் காணாது. அதாலை முனைக்கு வர முந்தியே இடப்பக்கம் சரிக்கத் தொடங்குவினம். நூற்றுக்கணக்கான வருசம் அப்பிடியே சரிச்சுச் சரிச்சு நிலமே வளைஞ்சுபோச்சுது. பிறகு குதிரை ஏர், நீராவி ஏர் உழுத நிலத்திலை கோடு நேரா, ஒடுக்கமா இருக்கும். ஆகவே வளைவைப் பாத்தே காலம் சொல்லலாம்.

இன்னொண்டு. இந்த அலை எங்க மிஞ்சியிருக்குது? ஆட்டுக்கு விட்ட நிலத்திலைதான்! 15ஆம், 16ஆம் நூற்றாண்டிலை புல் போட்டு மூடினது, பிறகு ஒருத்தரும் உழேல்லை, அப்பிடியே பத்திரமாக் கிடக்குது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ட்ராக்டர் வந்து பெரும்பகுதியைத் தட்டையாக்கிப் போட்டுது.

லெஸ்டருக்குக் கிழக்காலை இங்கர்ஸ்பி எண்டொரு இடம். லெஸ்டர் மடத்துத் துறவிகளின்ரை நிலம். 1469இலை அவை சுத்தி வேலி அடைச்சு மேய்ச்சலாக்கினவை. 1349 எங்க, 1469 எங்க? கல்வெட்டுக்காரன் ஐயா, 120 வருசம் பிந்தி வந்த பிளேக்கோ?

#11 சோழன்மகன்

நம்ம கீழடியில 2,500 வருஷத்துக்கு முன்னாடியே செங்கல் கட்டடம் இருக்கு. இவனுங்க 1300ல மாட்டோட படுத்திருக்கானுங்க. இதுக்கு ஒரு இழையா?

#12 நெறியாளர்

சோழன்மகன், கீழடிக்கு மூன்று இழைகள் திறந்தே இருக்கின்றன. இங்கே வாரம் பெர்சி. அடுத்தது நீக்கப்படும்.

#13 மண்வெட்டி

இப்ப என் பங்கு. நான் இருக்கிறது கேம்பிரிட்ஜ்ஷர் கிராமம். இங்க ஊர் சாகல, நல்லா இருக்கு, பப் இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு. ஆனா ஊருக்கு அடியில இடைக்கால ஊர் அப்படியே கிடக்கு. அதைப் பாக்க மேட்டுக்கெல்லாம் போகணும்னு இல்ல, வீட்டுக் கொல்லையே போதும்.

கேரன்சா லூயிஸ்னு ஒரு தொல்லியல் அம்மா 2005ல ஒரு திட்டம் ஆரம்பிச்சாங்க. பள்ளிக்கூடப் பசங்க, ஊர்க்காரங்க எல்லாரையும் சேத்துக்கிட்டு, ஆளுங்க குடியிருக்கிற ஊர்லயே, அவங்கவங்க தோட்டத்துல ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் குழி. பத்து சென்டிமீட்டர் எடுத்ததும் நிறுத்தணும், அந்த மண்ணை முழுக்கச் சல்லடையில போட்டுச் சலிக்கணும், கிடைச்சதைத் தனிப் பையில போட்டு ஆழம் எழுதணும், அப்புறம் அடுத்த பத்து. இயற்கை மண் வர்ற வரைக்கும் இதேதான்.

எங்க ஊர்லயும் இப்படி ஒரு குழியில நானும் உக்காந்தேன். மேல் அடுக்குல என்ன? பிளாஸ்டிக், ஆணி, நிலக்கரித் துண்டு, நீலக்கோலம் போட்ட வெள்ளைப் பீங்கான், களிமண் புகைக்குழல் காம்பு. விக்டோரியா காலம் தாண்டவே முதுகு போயிடும். கீழ போகப் போக பானை ஓடு சின்னதாகும், நிறம் மங்கும். எனக்குப் பிடிச்சது செயின்ட் நியோட்ஸ் வகை ஓடு. 10லேர்ந்து 12ஆம் நூற்றாண்டு வரை. களிமண்ணோட சிப்பி ஓட்டைப் பொடிச்சுக் கலந்து செஞ்சது, உடைஞ்ச ஓரத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி தெரியும். விரலால தடவினா சோப்பு மாதிரி வழுவழுன்னு இருக்கும். கைக்கு வந்ததும் அது 900 வருஷப் பானைன்னு சொன்னாங்க, பக்கத்து வீட்டு எட்டு வயசுப் பொண்ணு "இது பிஸ்கட்"டுன்னுச்சு.

ஒரு சூட்சுமம் இருக்கு. ஓடு கிடைச்சதும் வீடு இருந்துச்சுன்னு குதிக்கக் கூடாது. மாணவி சொன்ன மாதிரி குப்பையோட வயலுக்குப் போன ஓடு, உழவுல அடிபட்டு ஓரம் மழுங்கி, நகம் அளவுக்குத் தேஞ்சிருக்கும். வீடு இருந்த இடத்து ஓடு பெருசு, உடைஞ்ச ஓரம் கூர்மையா இருக்கும். ஒரே குழியில பத்துப் பதினஞ்சு கூர் ஓடு வந்தா அது குடியிருப்பு. ரெண்டே ரெண்டு மழுங்கல்னா அது வயல்.

இப்படிக் கிழக்கு இங்கிலாந்துல 55 ஊர்ல, 2,000 குழி. 2016ல முடிவு வந்துச்சு. 14ஆம் நூற்றாண்டு நடுவுக்கு முந்தின ஓடு இருக்கிற குழியோட ஒப்பிட்டா, அதுக்குப் பிந்தின ஓடு இருக்கிற குழி 45 சதவீதம் கம்மி.

#14 கல்வெட்டுக்காரன்

அப்படிப் போடு! 45 சதவீதம். 1349ஐ ஒட்டிச் சரிவு. நான் இரண்டாவது பதிவில் சொன்னதைத்தான் இரண்டாயிரம் குழியும் சொல்கிறது. சிவம் அண்ணாச்சி இப்போது என்ன சொல்வார்?

ஆனாலும் எனக்கு எதிராக நானே ஒன்று கேட்கிறேன், யாராவது கேட்பதற்குள். நோய்க்கு முந்தைய காலம் என்று எடுத்தது 11 முதல் 14 நடு வரை சுமார் 300 வருஷம். பிந்தையது 200 வருஷம்தான். காலம் குறைந்தால் ஓடும் குறையாதா?

#15 மண்வெட்டி

ஐயா, எத்தனை ஓடுன்னு எண்ணல, எத்தனை குழியில வருதுன்னு எண்ணினாங்க. குடியிருந்த மனையில 200 வருஷத்துல ஒரு பானை கூட உடையாம இருக்குமா? நம்ம வீட்டுல வாரத்துக்கு ஒண்ணு போகுது.

#16 யார்க் மாணவி

கல்வெட்டு ஐயா, அந்த 45 சதவீதம் எனக்குத்தான் சாட்சி, உங்களுக்கு இல்ல.

யோசிச்சுப் பாருங்க. மண்வெட்டி அண்ணன் சொன்ன 55ம் இன்னைக்கும் குடியிருக்கிற இடங்கள். பாதிக் குடியிருப்பை இழந்தும் சாகாத ஊர்கள். வாரம் பெர்சி 1368ல 30 வீட்டோட இருக்கு. அதுவும் இதே மாதிரி மெலிஞ்சு பிழைச்சிருக்கலாம். அப்போ கேள்வி "ஏன் ஆள் குறைஞ்சது" இல்ல, அது எல்லா ஊருக்கும் பொது. "குறைஞ்ச ஊர்கள்ல சிலது மட்டும் ஏன் சைபர் ஆச்சு?" அதுக்கு 1349 பதில் சொல்லாது.

நோய்க்கு அப்புறம் ஆள் பஞ்சம். கூலி ஏறுது. 1351ல சட்டம் போட்டுக் கூலியைப் பழைய அளவுல அழுத்தப் பாத்தாங்க, முழுசா நடக்கல. எங்க பாத்தாலும் நல்ல நிலம் காலியாக் கெடக்கு. வாரம் பெர்சி இருக்கிற வோல்ட்ஸ் மேட்டுல தண்ணி அருமை, சுண்ணப்பாறை உறிஞ்சிடும். அங்க இருக்கிறவன் கீழ பள்ளத்தாக்குல நல்ல நிலம் குறைஞ்ச குத்தகைக்குக் கிடைச்சா போகமாட்டானா? ஒவ்வொரு குடும்பமாக் கிளம்புது. இருக்கிறவங்க பக்கத்து மனையையும் சேத்துக்கிட்டு உழுறாங்க. பொதுவயல் முறைக்கு ஊர் கூடி உழணும், கூடி மேய்க்கணும். ஆள் குறைஞ்சா அந்த ஏற்பாடே நொண்டும். வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் டயர் மிட்லண்ட்ஸ் ஊர்களை வச்சு இதைத்தான் சொன்னார்: ஆடு வர்றதுக்கு முன்னாடியே ஊர் உள்ளுக்குள்ள இத்துப்போயிருந்தது, நிலக்கிழார் கடைசியில வந்து கதவைச் சாத்தினார்.

பெரஸ்ஃபோர்ட் நிலக்கிழாரைக் குத்தவாளிக் கூண்டுல நிறுத்தினார். டயர் கொஞ்சம் இறக்கி விட்டார். எனக்கு வாரம் பெர்சியில ரெண்டுமே நடந்த மாதிரிதான் தெரியுது. 16 வீடு ஆனது குடியானவங்க எடுத்த முடிவு. நாலு வீடு பூஜ்யம் ஆனது ஹில்ட்டன் எடுத்த முடிவு. கூலி குடுத்து உழுறதைவிட ரெண்டு இடையனை வச்சு ஆடு விட்டா கம்பளி லாபம். ஆள் நிறைய இருந்த ஊர்ல அவரால அதைச் செஞ்சிருக்கவே முடியாது.

#17 கல்வெட்டுக்காரன்

ஆள் நிறைய இல்லாமல் போனதற்குக் காரணம் நோய். சுற்றிச் சுற்றி என் வாசலுக்கே வருகிறீர்கள். 1361இல் மறுபடி வந்தது, அதற்குப் பின்னும் வந்துகொண்டே இருந்தது. நோய் ஒரு தடவை வந்து போயிருந்தால் இரண்டு தலைமுறையில் ஊர் நிரம்பியிருக்கும். நிரம்ப விடாமல் வைத்தது எது?

ஆனால் "சைபர் ஆனது ஏன்" என்ற கேள்வியை ஏற்கிறேன். அது வேறு கேள்விதான்.

#18 லெஸ்டர் சிவம்

பாதி வழி வந்திட்டார். மிச்சத்தை இங்கர்ஸ்பிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் வருவார்.

#19 நிலாச்சோறு

யாரும் பேய் பற்றிப் பேசவே இல்லையே! அந்த ஊரில் செத்தவர்களை எரித்தும் வெட்டியும் இருக்கிறார்கள் என்று செய்தியில் படித்தேன். உண்மையா?

#20 யார்க் மாணவி

எலும்பு உண்மை. பேய் ஒரு விளக்கம், அவ்வளவுதான்.

தேவாலயத்திலும் சுத்தியும் எடுத்த எலும்புக்கூடுகள் கிட்டத்தட்ட 700. அவை ஒழுங்காப் புதைச்சவை. செய்தியில வந்தது அது இல்ல. ஊருக்குள்ள, வீட்டுமனைப் பக்கம் குழியில கலந்து கிடந்த 137 எலும்பு, குறைஞ்சது பத்துப் பேரோடது. சின்னக் குழந்தையும் இருக்கு, ஐம்பது தாண்டினவங்களும் இருக்காங்க. 11லேர்ந்து 14ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேற காலம். எலும்பு ஆய்வாளர் சைமன் மேஸும் சகாக்களும் 2017ல வெளியிட்டாங்க. கத்திக் கீறல், சுட்ட தடம், உடைச்ச தடம் மூணும் இருக்கு, எல்லாம் செத்த பிறகு செஞ்சது.

மூணு விளக்கத்தை வரிசையா வச்சு சோதிச்சாங்க. வெளியூர்க்காரங்கன்னு ஒதுக்கிட்டாங்களா? வளந்த இடத்து நிலத்தைக் காட்டிக்குடுக்கிற, பல்லுல இருக்கிற ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பைப் பாத்தா உள்ளூர்லயே வளந்தவங்க. பஞ்சத்துல மனுஷக்கறியா? அப்படின்னா கீறல் மூட்டுலயும் சதை ஒட்டுற இடத்துலயும் இருக்கணும். இங்க பெரும்பாலும் தலை, கழுத்துப் பக்கம். மிஞ்சினது, செத்தவன் எழுந்து வந்து ஊருக்குக் கேடு பண்ணுவான்னு பயந்து பிணத்தை அறுத்து எரிச்சது. அதே யார்க்‌ஷர்ல நியூபர்க் மடத்துத் துறவி வில்லியம் 1190கள்ல இப்படி எழுந்து நடக்கிற பிணங்களையும், அதை ஊர்க்காரங்க எரிச்சதையும் எழுதி வச்சிருக்கார். அதனால பொருந்துதுன்னாங்க. பத்திரிகைகள் அதைப் பிடிச்சு "ஸாம்பி ஊர்"னு போட்டுட்டாங்க.

என்னைக் கேட்டா அந்த 137ஐவிட 700 எலும்புக்கூடுதான் பெரிய புதையல். தாய்ப்பால் ஒண்ணரை வயசு வாக்குல நிறுத்தினாங்கங்கிறது வரைக்கும் அதுல படிக்க முடியுது.

#21 கரூர்ப்பையன்

அண்ணாங்க, நான் இப்போ ஹல் பக்கம் படிக்க வந்திருக்கேன். ஹவுஸ்மேட் கிட்ட மெட்டல் டிடெக்டர் இருக்கு. வாரம் பெர்சியில ஒரு சுத்து சுத்தினா காசு ஏதாவது கிடைக்குமா 😄

#22 மண்வெட்டி

தம்பி, விசா பத்திரம்! அது பாதுகாக்கப்பட்ட நினைவிடம். 1979 சட்டப்படி அனுமதி இல்லாம அங்க டிடெக்டரை ஆன் பண்றதே குற்றம், எடுக்கிறது அப்புறம்.

ஆசையா இருந்தா விவசாயிகிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டு உழுத வயல்ல பாரு. ரூபாய்த் தாள் மாதிரி எதுவும் எதிர்பாக்காதே, பெரும்பாலும் கொக்கி, ஈயக்குண்டு, பட்டன். எது கிடைச்சாலும் இடத்தை ஜிபிஎஸ்ல குறிச்சு உள்ளூர் தொல்பொருள் தொடர்பு அலுவலர்கிட்டக் காட்டு, 1997லேர்ந்து அதுக்குன்னே ஏற்பாடு இருக்கு. தங்கம், வெள்ளி, பழசுன்னு தோணினா 14 நாளுக்குள்ள கரோனர்ங்கிற விசாரணை அதிகாரிக்குத் தெரிவிக்கணும், அது 1996 சட்டம். இடம் தெரியாத காசு வெறும் காசு. இடம் தெரிஞ்சா அது ஊர்.

#23 தரிசுக்காடு

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. தோண்டாமல், டிடெக்டர் இல்லாமல், என்னைப் போன்ற ஆள் கணினியில் உட்கார்ந்தபடி இப்படி ஊர்களைத் தேட முடியுமா?

#24 மண்வெட்டி

தாராளமா. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் நிறுவனம் விமான லேசர் அளவீட்டை, அதாவது லிடார், இலவசமா விட்டிருக்கு. ஒரு மீட்டர் நுணுக்கம். க்யூஜிஐஎஸ்ங்கிற வரைபட மென்பொருள்ல ஏத்தி நிழல் படமா மாத்து. ஆனா மென்பொருள் தானா வடமேற்குல இருந்துதான் வெளிச்சம் போடும். அந்தத் திசைக்கு இணையா ஓடுற மேடு நிழலே விழாம மறைஞ்சுடும். வடக்கு, கிழக்கு, வடகிழக்குன்னு திசையை மாத்தி மாத்திப் போடணும். வெளிச்சக் கோணத்தைத் தாழ்வா வச்சாத்தான் அரை அடி மேடு கூடத் தெரியும்.

#25 லெஸ்டர் சிவம்

கணினி நல்லது, எண்டாலும் மாரிகாலத்திலை நேரிலை போங்கோ. டிசம்பர், ஜனவரி. புல் கட்டை, வெயில் தாழ்வு. காலமை ஒன்பது மணிக்கு நிக்கிற மேடு, மத்தியானம் போனால் இருக்காது. கோடையிலை போறதெண்டால் மழை பொய்த்த வருசம் பாருங்கோ. 2018இலை காய்ஞ்ச காய்ச்சலிலை புதைஞ்ச சுவருக்கு மேலை பயிர் வெளிறி, பழைய பள்ளத்துக்கு மேலை பச்சையா நிண்டு, ஆகாயத்திலை இருந்து நாடு முழுக்கப் புது இடங்கள் கண்டுபிடிச்சவை.

தரிசுக்காடு தம்பி, ஜனவரியிலை இந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கோ. இங்கர்ஸ்பிக்கு நான் கூட்டிக்கொண்டு போறன். தனியார் நிலம், பாதையை விட்டு இறங்கக் கூடாது. முழங்கால் வரை சப்பாத்து வேணும்.

#26 கல்வெட்டுக்காரன்

ஜனவரியில் மகளைப் பார்க்க பர்மிங்ஹாம் வருகிறேன். என்னையும் சேர்த்துக்கொள்வீர்களா? நோயைப் பற்றி வண்டியில் பேசுவோம்.

#27 லெஸ்டர் சிவம்

வாங்கோ ஐயா. பர்மிங்ஹாமிலை இருந்து லெஸ்டருக்கு ரயில் ஒரு மணித்தியாலம்தான். இடப்பக்கம் வலப்பக்கம் ரெண்டு பக்கமும் யன்னலாலை பாத்துக்கொண்டு வாங்கோ, எஸ் வளைவு தெரியுதோ எண்டு. ஸ்டேசனிலை வந்து ஏத்துறன்.